படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே ரிசீவர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

"படம் போட்டால் வீடே அதிருது, பாட்டு போட்டால் சப்பென்று இருக்கு." ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர் எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. புகார் உண்மைதான், ஆனால் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப் மட்டமாக இருப்பது அபூர்வம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட வாட்டை நம்பி வாங்கியது, டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான கூடம், கடையில் போட்டுவிட்ட மோடை அப்படியே விட்டுவைத்தது: பாட்டைக் கெடுப்பவை இந்த மூன்றும்தான். சரியான ரிசீவரைப் பார்த்து வாங்கி, சரியாக அமைத்தால், அதே பெட்டியில் வீணைக் கச்சேரியும் கேட்கலாம், சண்டைப் படமும் பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வி

பின்பக்க ஸ்பீக்கர் உண்மையிலேயே மாட்டப் போகிறீர்களா? கொண்டோ கூடத்தில் சோஃபா சுவரோடு ஒட்டியிருக்கும். பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, வயர் ஓட்ட வழியில்லை. இப்படிப்பட்ட வீட்டில் 7 சேனல் ரிசீவர் வாங்கினால் 5 சேனலுக்குக் கொடுத்த காசு தூங்கும். டிவியும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும் என்றால் எச்டிஎம்ஐ உள்ள ஸ்டீரியோ ரிசீவரே போதும். மராண்ட்ஸ் ஸ்டீரியோ 70எஸ் 2023-ல் வந்தது, சேனலுக்கு 75 வாட், 6 எச்டிஎம்ஐ உள்ளீடுகள். யமஹா ஆர்-என்1000ஏ-வில் டிவிக்கு ஏஆர்சி வாசல் (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வயரிலேயே வாங்குவது) உண்டு, மைக் வைத்து அறையை அளக்கும் வசதியும் உண்டு. இரண்டிலும் சப்வூஃபரும் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) இணைக்கலாம்.

சுற்றிலும் சத்தம் வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

வாட் கணக்கு

ஒரே ரிசீவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரு சேனல் மட்டும்" என்று எடுத்தது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருப்பது "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08%, இரண்டு சேனலும் சேர்ந்து" என்று எடுத்தது. பாட்டு கேட்பவருக்கு இரண்டாவதுதான் கணக்கு. முதல் எண்ணில் பாதியளவுதான் பல சமயம் அங்கே தேறும். இந்த இரண்டாவது வரியையே எங்கும் போடாத மாடலைத் தொடாமல் இருப்பது நல்லது.

எவ்வளவு வாட் தேவை என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் 1 வாட் வாங்கி 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம் தரும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபல் கூடும். ஆக, ஆளுக்கு 1 வாட் போனால் காதில் சுமார் 80.5 டெசிபல். நல்ல சத்தமாகக் கேட்பது சராசரி 75 டெசிபல். மிருதங்கச் சொல்லும் கோரஸின் உச்சமும் அதற்கு மேல் 20 டெசிபல் எகிறலாம், அதாவது 95. இன்னும் 14.5 டெசிபல் வேண்டும், அதற்கு 28 வாட். அறைச் சுவர்களின் எதிரொலி கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே பிடிக்கும். ஸ்பீக்கர் 84 டெசிபல்தான் என்றால் இதே சத்தத்துக்கு 56 வாட்.

எனவே பொடி எழுத்தில் 80 வாட் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். 80-ஐ 160 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், அவ்வளவுதான். அந்தக் காசை ஸ்பீக்கரில் போட்டால் முதல் பாட்டிலேயே தெரியும். 5,000 ரிங்கிட் பட்ஜெட் என்றால் ரிசீவருக்கு 2,000 ஒதுக்கி மீதியை முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் கொடுப்பதுதான் எங்கள் கட்சி.

ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அது ரிசீவரிலிருந்து அதிகக் கரண்டை இழுக்கும். ரிசீவர் சூடேறும், சத்தம் கூட்டினால் பாதுகாப்புச் சுற்று வேலை செய்து தானாக அணைந்துவிடும். 4 ஓமுக்கு ஏற்றது என்று கையேடே சொல்லும் மாடலை எடுங்கள். மெனுவில் ஸ்பீக்கர் ஓமை 8-லிருந்து 4 அல்லது 6-க்கு மாற்றும் வசதி இருக்கும். அது பலத்தைக் கூட்டாது. ரிசீவர் சூடேறாமல் இருக்க ஆம்பின் வோல்டேஜைக் குறைத்து மூச்சை அடக்கும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் 8-லேயே விடுகிறவர்கள்தான் அதிகம்.

எடையும் ஒரு துப்பு. ஆரம்ப ரக 7 சேனல் ரிசீவர் 8, 9 கிலோ இருக்கும். நடுத்தர ரகம் 12 கிலோவைத் தாண்டும். கூடுதல் எடை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்கும்தான். ஆனால் கிளாஸ் டி (சூடு குறைவான ஸ்விட்சிங் வகை) ஆம்ப் உள்ளவை இயல்பாகவே இலேசானவை. அவற்றைத் தராசில் வைத்து மட்டம் தட்ட வேண்டாம்.

டைரக்ட் பட்டன் என்ன செய்கிறது

சிடி பிளேயரையோ ரெக்கார்ட் பிளேயரையோ சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரில் இணைத்தால், பெரும்பாலான ரிசீவர்கள் அந்த சிக்னலை முதலில் டிஜிட்டலாக மாற்றும், உள்ளே வேலை பார்க்கும், பிறகு மறுபடி அனலாக் ஆக்கும். "ப்யூர் டைரக்ட்" மோடு இந்தச் சுற்றுவழியைத் தவிர்த்து நேராக வால்யூமுக்கு அனுப்பும். டிஸ்ப்ளே, வீடியோ சர்க்கியூட் எல்லாம் அணைந்துவிடும். பாட்டு கேட்பவர் வாங்கும் ரிசீவரில் இது இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும், எப்போதும் போட்டு வைக்க வேண்டும் என்பதில்லை. டைரக்டில் அறைத் திருத்தம் (மைக்கில் அறையை அளந்து ரிசீவர் ஒலியைச் சரிசெய்வது) போய்விடும். மாடலையும் மெனுவையும் பொறுத்து சப்வூஃபரும் வாயை மூடிக்கொள்ளும். சிறிய புக்ஷெல்ஃப் வைத்திருப்பவர் டைரக்ட் போட்டுவிட்டு "பேஸே இல்லையே" என்று குறைபடுவது இதனால்தான். சில மாடல்களின் மெனுவில் இரண்டு சேனலுக்கென்று தனி அமைப்பு இருக்கும். அங்கே சப்வூஃபரை "ஆன்" செய்து, குறுக்குப் புள்ளியை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) தனியாக வைக்கலாம். வாங்குமுன் கையேட்டை இறக்கி இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ரெக்கார்ட் பிளேயர் உண்டென்றால் போனோ வாசலும் பாருங்கள். ரிசீவரில் வருவது பெரும்பாலும் எம்எம் (நகரும் காந்த) வகை கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது ஊசி இருக்கும் பாகத்துக்கு, மட்டும். மிகச் சின்ன சிக்னல் தரும் எம்சி (நகரும் சுருள்) கார்ட்ரிட்ஜை அதில் போட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

கூடம்தான் பாதி ரிசீவர்

கோலாலம்பூர், பினாங்கு வீடுகளில் கம்பளம் அபூர்வம். தரை டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, மேலே சிமெண்டோ ஜிப்சமோ. கூடத்தின் நடுவே நின்று ஒரு முறை கை தட்டுங்கள். "டர்ர்" என்று உலோகச் சத்தம் தொடர்ந்தால் எந்த ரிசீவர் வாங்கினாலும் பாட்டு கரகரக்கும். ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே தடித்த கம்பளம், கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. மைக்கும் மென்பொருளும் இந்த எதிரொலியை எடுக்க முடியாது.

மென்பொருள் உதவுவது பேஸில். 12 அடி அகல கொண்டோ அறையில் சுமார் 48 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 96-லும் சத்தம் குவியும். 20 அடி அகல வரிசை வீட்டில் 29, 58 என்று போகும். அதனால்தான் தவிலின் தொப்பிப் பக்கம் ஒரு வீட்டில் கும்மென்று வீங்குகிறது, அடுத்த வீட்டில் காணாமலே போகிறது. வீங்கும் இடத்தை அறைத் திருத்தம் அழகாகக் குறைக்கும். காணாமல் போன இடத்தை அது நிரப்பாது. அங்கே ஆம்பை மேலும் மேலும் முறுக்கினால் வாட் வீணாகும். சோஃபாவை சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுத்துப் பாருங்கள், அல்லது சப்வூஃபரை இடம் மாற்றுங்கள்.

சாதாரண ஸ்டீரியோ ஆம்பிடம் பெரும்பாலும் இல்லாத இந்த அறைத் திருத்த வித்தை ரிசீவரிடம் இருக்கிறது. பாட்டுக்காரர்கள் ரிசீவரைத் தயங்காமல் வாங்க இதுவே பெரிய காரணம். ஆகவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆடிசி என்ற திருத்த மென்பொருளில் மல்ட்இக்யூ, எக்ஸ்டி, எக்ஸ்டி32 என்று படிகள் உண்டு. பேஸை நுணுக்கமாகத் திருத்துவது எக்ஸ்டி32. டிராக் லைவ் இன்னொரு நல்ல தேர்வு: ஓன்கியோ டிஎக்ஸ்-ஆர்இசட்50-ல் உள்ளேயே வருகிறது, 2022-ல் வந்த டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச்-ல் தனியாகக் காசு கட்டி ஏற்றிக்கொள்ளலாம். யமஹாவில் வைபிஏஓ. எதை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். திருத்தத்தை ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நிறுத்த முடியுமா? ஒரு பட்டனில் ஆன், ஆஃப் செய்து ஒப்பிட முடியுமா?

அளக்கும்போது மைக்கை சோஃபா முதுகில் சாய்த்து வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில், காது உயரத்தில். முதல் அளவு சரியாக உங்கள் தலை இருக்கும் இடத்தில், மற்றவை அதைச் சுற்றி இரண்டடிக்குள். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் அணைத்துவிட்டு, சாலை அடங்கிய பிறகு இரவில் அளந்தால் நல்லது. மழை கூரையில் கொட்டும்போது அளந்த அளவு குப்பைக்குத்தான்.

அளந்து முடித்ததும் மெனுவுக்குள் போய் நான்கைந்து இடங்களைச் சரிபார்க்க வேண்டும். முன் ஸ்பீக்கரைக் கருவி "லார்ஜ்" என்று எழுதியிருந்தால், சப்வூஃபர் இருக்கும் வீட்டில் அதை "ஸ்மால்" ஆக்கி, குறுக்குப் புள்ளியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பெரிய டவர் ஸ்பீக்கர் என்றால் 60. பேஸை "எல்எஃப்இ + மெயின்" என்று முன் ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் இரட்டிப்பாக அனுப்பாமல் "எல்எஃப்இ" மட்டும். ஆடிசியில் "டைனமிக் வால்யூம்" அணைக்கவும். "டைனமிக் இக்யூ" படத்துக்கு நல்லது. பாட்டுக்கு அது பேஸைத் தூக்கிவிடும், எனவே அணைக்கலாம் அல்லது ஆஃப்செட்டை 10, 15 என்று வைக்கலாம். குரல் பின்வாங்கியது போல இருந்தால் ஆடிசியின் கட்டணச் செயலியில் நடு அலைவரிசைக் குறைப்பை எடுத்துவிட்டு, திருத்தத்தை 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள். ஈகோ மோடு இருந்தால் பாட்டு நேரத்தில் ஆஃப்.

ப்ரீ-அவுட்: நாளைக்கான வாசல்

பாட்டில் பைத்தியம் முற்றும் வாய்ப்பு இருந்தால், முன் இடது வலது ப்ரீ-அவுட் (உள் ஆம்புக்குப் போகுமுன் சிக்னலை வெளியே தரும் வாசல்) இல்லாத ரிசீவரை வாங்காதீர்கள். பின்னாளில் ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்பைச் சேர்த்துக்கொள்ள அதுதான் வழி. டெனான் எக்ஸ்1800எச் போன்ற ஆரம்ப மாடல்களில் சப்வூஃபர் ப்ரீ-அவுட் மட்டும்தான். எக்ஸ்3800எச்-ல் எல்லா சேனலுக்கும் உண்டு. உருவம் சின்னதாக வேண்டுமென்றால் மராண்ட்ஸ் சினிமா 70எஸ், சேனலுக்கு 50 வாட்தான், ஆனால் ப்ரீ-அவுட் முழுசாக இருக்கிறது.

இணைப்பது இப்படி. ரிசீவரின் முன் ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்சிஏ வயரை ஸ்டீரியோ ஆம்பின் "பவர் ஆம்ப் இன்" அல்லது "ஹோம் தியேட்டர் பைபாஸ்" வாசலுக்கு ஓட்டுங்கள். முன் ஸ்பீக்கர் இரண்டும் ஸ்டீரியோ ஆம்பில். நடு, பின் ஸ்பீக்கர்கள் ரிசீவரில். இந்த நிலையில்தான் மைக் அளவு எடுக்க வேண்டும், பழைய அளவு செல்லாது. படம் பார்க்கும்போது ஆம்பை பைபாஸில் போட்டால் வால்யூம் ரிசீவர் கையில். பாட்டுக்கு சிடி பிளேயரோ ஸ்ட்ரீமரோ நேராக ஆம்பில். ரிசீவரை ஆன் செய்யவே தேவையில்லை.

எச்சரிக்கை: பைபாஸ் வாசலில் வால்யூம் கட்டுப்பாடு கிடையாது. அதில் தவறுதலாக சிடி பிளேயரைச் செருகினால் முழு பலத்தில் வெடிக்கும், ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடும். பைபாஸே இல்லாத ஆம்ப் என்றால் சாதாரண உள்ளீட்டில் செருகி, வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்து டேப்பால் அடையாளம் போடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஏற்பாடு நீடிக்காது. இன்னொன்று, ஆம்ப் வழியாகப் பாட்டு கேட்கும்போது ரிசீவரில் மாட்டிய சப்வூஃபர் பாடாது.

"பை-ஆம்ப்" என்று சொல்லி மீதமுள்ள இரண்டு சேனலையும் முன் ஸ்பீக்கருக்கே கொடுக்கும் வசதியைப் பெரிதாக விற்பார்கள். எல்லாமே ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குடிப்பவை. வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ, போன், மின்னல் எஃப்எம்

பாட்டுக்கு எச்டிஎம்ஐ 2.1 ஒன்றும் செய்யாது. 4கே படத்துக்கு 18 கிகாபிட் 2.0 போதும், 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுபவருக்குத்தான் 2.1 வேண்டும். 2020-ல் வந்த முதல் 2.1 ரிசீவர்கள் சிலவற்றில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் 4கே 120 வராத சிக்கல் இருந்தது. செகண்ட்ஹேண்டில் வாங்கும் கேம் பிரியர்கள் சரிசெய்யப்பட்டதா என்று கேட்கவும். ஏஆர்சி, அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி இரண்டும் இரண்டு சேனல் பாட்டைச் சிதையாமல் கொண்டுவரும். ஈஏஆர்சி தேவைப்படுவது டிவி வழியாக டால்பி ட்ரூஎச்டி கேட்க.

போனிலிருந்து பாட்டு அனுப்ப புளூடூத்தைவிட வைஃபை வழி, அதாவது ஏர்ப்ளே அல்லது ஸ்பாட்டிஃபை கனெக்ட், மேல். யூஎஸ்பியில் கச்சேரிப் பதிவு கேட்பவர், ராகத்துக்கும் தனியாவர்த்தனத்துக்கும் நடுவே அரை நொடி வெட்டு விழாமல் பாடுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். மின்னல் எஃப்எம் கேட்கும் வீடென்றால் எஃப்எம் டியூனர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. புதிய மாடல்கள் சிலவற்றில் இல்லை.

ஏபி செட்டும் பழைய செட்டும்

மலேசியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பக்கமோ பினாங்கு லோரோங் கூலிட்டிலோ பழைய ஜப்பான் ஆம்ப் கண்ணில் பட்டால், முதலில் திருப்பிப் பின்தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ரிசீவருக்கு 1000 விஏ-க்குக் குறையாமல், 1500 என்றால் நிம்மதி. மூன்று முள் பிளக் மாட்டிவிட்டதாலேயே அது 230 வோல்ட் செட் ஆகிவிடாது.

புதிதாக ஏபி செட் (அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல் கடைக்காரரே இறக்குமதி செய்தது) வாங்குவதில் மிச்சம் கொஞ்சம், வாரண்டி கடையோடு முடியும். ரிசீவரில் அடிக்கடி போவது எச்டிஎம்ஐ போர்டு. அது உதிரிப் பாகமாகக் கிடைப்பது கடினம். இதற்காகவே அதிகாரபூர்வ வாரண்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

பழைய செட்டில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ வாசலையும், ஒவ்வொரு ஸ்பீக்கர் சேனலையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அளவு மைக் கூட வருகிறதா? ஒரு கம்பெனி மைக் இன்னொரு கம்பெனி ரிசீவருக்குப் பொருந்தாது. அரைமணி நேரம் ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ட்வீட்டரில் காதை வையுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" பரவாயில்லை. "ம்ம்" என்று உறுமினால் விடுங்கள்.

கடையில் கேட்கும்போது

உங்கள் பாட்டைக் கொண்டுபோங்கள். தம்புராவோடு ஒற்றைக் குரல், நாதஸ்வரம் தவில், நிறைய வாத்தியம் குவியும் சினிமாப் பாட்டு, ஐம்பது அறுபதுகளின் மோனோ பாட்டு ஒன்று. டிஸ்ப்ளேயில் "ஸ்டீரியோ" என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் "மல்டி சேனல் ஸ்டீரியோ" அல்லது "டால்பி சரவுண்ட்" போட்டு வைத்திருப்பார்கள். முதலில் மலைப்பாக இருக்கும், வீட்டில் சலிக்கும். மோனோ பாட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே நின்றால் சரி. இரண்டு ரிசீவரை ஒப்பிடும்போது சத்தத்தைப் போன் செயலியில் அளந்து சமமாக வையுங்கள். 1 டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லும், கடைக்காரருக்கும் அது தெரியும்.

வீட்டில் மாட்டும்போது

ஸ்பீக்கர் வயர் 5 மீட்டருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர், 10 மீட்டர் வரை 2.5. முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், வேண்டாம். தச்சர் செய்த மூடிய டிவி அலமாரிக்குள் ரிசீவரைத் திணிக்காதீர்கள். மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர், பின்பக்கம் திறந்து இருக்கட்டும். வெதுவெதுப்பைத் தேடி பல்லி உள்ளே போவதும், போர்டில் குறுக்கே விழுந்து புகைவதும் இந்த ஊரில் நடக்கிற கதைதான். தொலைவில் போகும்போது பிளக்கைக் கழற்றுவதும், பின்புறத்தை மாதம் ஒருமுறை பார்ப்பதும் போதும்; வலை போட்டு மூடினால் சூடு போக வழி குறையும்.

மாட்டியதும் உறுமல் கேட்டால் ஆஸ்ட்ரோ டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் சுழல் (கருவிகளுக்கிடையே எர்த் வழியாகச் சுற்றிவரும் மின்னோட்டம்) அதுதான். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டும் வேலை மட்டும் கூடாது, ஷாக் அடிக்கும். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே எச்டிஎம்ஐயை எடுத்துவிட்டு ஆப்டிக்கல் வயர் போட்டால், இரண்டுக்கும் இடையே உலோகத் தொடர்பு இல்லாததால் உறுமல் பெரும்பாலும் அடங்கும். அந்த டிஷ் கேபிள்தான் மின்னலுக்கும் வாசல். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி சகஜம், ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் மோசம். சர்ஜ் பாதுகாப்புப் பலகை நல்லதுதான், ஆனால் பல அடி வாங்கியபின் அதன் சக்தி தீர்ந்துவிடும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். வானம் கறுத்தால் சுவரில் சுவிட்சை மட்டும் தட்டாமல் பிளக்கை உருவுங்கள், டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து திருகிக் கழற்றுங்கள். இன்டர்நெட்டை ரிசீவருக்கு லேன் வயருக்குப் பதில் வைஃபையில் கொடுத்துவிட்டால் கழற்ற வேண்டியது ஒன்று குறையும்.